மறு: அமிலாய்டு பிளேக் = மாப்போலித் தகடு?

> அமிலாய்டு என்றால் மாவை ஒத்தது. எனவே மாப்போலித் தகடு எனலாம்.

ஐயா வணக்கம், அல்சைமர்ங்கிற மறதி நோயில மூளையில சேர்ற அமிலாய்டு பிளேக்குங்கிற படிவுக்கும் அதுக்கான மருந்துக்கும் இணைய அகராதியான விக்சனரிக்காகத் தமிழ்ப் பேர் தேடுறோம். சொல்லுக்குச் சொல் பார்த்தா நீங்க சொல்றது சரிதான், ஆனா மூலச் சொல்லே ஒரு தப்புல பொறந்தது. 1854-ல ஜெர்மன் மருத்துவர் ஃபிர்ஹோ திசுவுல அயோடின் விட்டுப் பார்த்திருக்கார், கஞ்சியில விட்டா மாறுற மாதிரி நிறம் மாறவும் இது மாவுப்பொருள்தான்னு பேரு வெச்சுட்டார். அஞ்சே வருஷத்துல அது புரதம்னு தெரிஞ்சுபோச்சு, பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. அந்தத் தப்பை நாம எதுக்கு மெனக்கெட்டு மொழிபெயர்க்கணும்?

போன மாசம் நானே ஒரு குறிப்புல "மூளையில் மாவு போன்ற படிவு"ன்னு எழுதிட்டேன், பெரியம்மா கண்ணாடியப் போட்டு வாசிச்சுட்டு "அப்ப பெரியப்பாவுக்குச் சோத்தைக் குறைச்சுட்டு சப்பாத்தி போடட்டுமா"ன்னு கேட்டாங்க. சர்க்கரை இருக்கிற வீடு, மாவுன்னதும் புத்தி அங்கதான் போகும் (சப்பாத்தியும் மாவுதான்கிறது வேற கதை).

தகடும் ஒட்டலை. நரம்பு செல்லுக்கு வெளிய அங்கங்க திட்டுத்திட்டா கிடக்கிறதுதானே அது, மணல்திட்டுன்னு சொல்றோம்ல, அப்படியே "புரதத்திட்டு"ன்னு வெச்சுடலாம். செல்லுக்குள்ள டௌங்கிற இன்னொரு புரதம் முறுக்கிக்கிட்டுக் கிடக்கே, அதுக்கு "சிக்கு", தலைமுடி சிக்கேதான். நோய்க்குப் பேர் தந்த மருத்துவர் அல்சைமர் 1906-ல தன் நோயாளியோட மூளையில பார்த்ததா சொன்னது இந்த ரெண்டையும்தான். தனியா வர்ற இடத்துல அமிலாய்டு அமிலாய்டாவே இருக்கட்டும், இன்சுலினை நாம மாத்தலையே.

அடுத்து, இந்தத் திட்டை எடுக்கிற லெக்கனெமாப்ங்கிற அல்சைமர் மருந்துக்குச் சொன்ன "திட்டுக்கரைப்பான்". லெக்கனெமாப் எதையும் கரைக்கலைங்க, அது போய் ஒட்டிக்கும், அடையாளம் பார்த்து மூளையோட காவல் செல்கள் வந்து தின்னு தீர்க்கும். கரைப்பான்னா பெயின்ட் தின்னர் ஞாபகம்தான் வருது. "திட்டுநீக்கி" போதும்.

அதே மருந்துக்கு "நோய்தீர்ப்பி"ன்னு ஒருத்தர் போட்டிருந்தாரே, அதை மட்டும் தயவுசெஞ்சு எடுத்துருங்க. 1,795 பேரை வெச்சு 18 மாசம் நடந்த சோதனையில, மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவங்களை விட லெக்கனெமாப் போட்டவங்களுக்கு ஞாபகம், யோசனையோட சரிவு 27 சதவீதம் மெதுவாச்சு, அவ்வளவுதான், நிக்கலை, போன ஞாபகம் திரும்பி வரலை, சிலருக்கு மூளையில வீக்கமும் ரத்தக்கசிவும் வேற. தீர்ப்பின்னு எழுதினா வீட்டை அடகு வெச்சு வாங்க ஆள் வரும். என்னைக் கேட்டா "சரிவுத்தடை", ரோட்டுல வேகத்தடை மாதிரி, வண்டி போகும், மெதுவா போகும்.

லெக்கனெமாப் ஒரு எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி), அந்த எதிர்ப்பொருளைப் "பிறபொருளெதிரி"ன்னு பாடத்துலயே படிச்ச இலங்கை நண்பர்கள் இங்க இருக்காங்க, திட்டுநீக்கி அவங்க காதுக்கு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு விக்சனரியில ஏத்துவோம்.