பர்லிங்கேம் தூதுக்குழு: சீனர்கள் எழுதிய குறிப்புகள் தேவை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க அரசியல்வாதி ஆன்சன் பர்லிங்கேம் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். அடிமைமுறையை எதிர்த்த மாசசூசெட்ஸ்காரர். 1856இல் செனட் அவைக்குள்ளேயே, அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்துச் சாய்த்தார் அடிமைமுறையை ஆதரித்த மக்களவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ். அதை மக்களவையில் எழுந்து நின்று கண்டித்தவர் இவர். புரூக்ஸ் ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு அழைத்தார். ரைபிளோடு வரத் தயார் என்று இவர் சொன்னதும் அவர் வரவில்லை!

லிங்கன் இவரைச் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். பதவி விலகியதும் சீன அரசே தன் தூதராக்கி மேலைநாடுகளுக்கு அனுப்பியது. எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. 1868இல் அமெரிக்க-சீன ஒப்பந்தம். 1870இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மரணம், வயது 49.

கூடச் சென்ற சீன அதிகாரிகளின் பயணக் குறிப்புகள் ஆங்கிலத்தில் எங்கே கிடைக்கும்? சீனம் படிக்கத் தெரிந்தவர்கள் சில பக்கங்களுக்கு உதவினாலும் பெரிய உபகாரம். அமெரிக்கர் தரப்பை மட்டும் வைத்து எழுத மனம் வரவில்லை.