செடி வளர்க்கும் அறைச் சுவருக்கு எது ஏற்றது: வெள்ளைச் சாயமா, மைலார் தாளா, வெப்பத்தடுப்புப் பலகையா?

சிப்புட்வாசி (கேள்வி):

வணக்கம். சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். வீட்டின் பின்னறையில், பத்துக்குப் பத்து அடி இடத்தில், எல்.இ.டி விளக்கின் கீழ் சாலட் கீரையும் கொத்தமல்லியும் வளர்க்க ஏற்பாடு செய்து வருகிறேன். விளக்குகள் மொத்தம் 400 வாட். சுவர்கள் பூச்சு பூசிய ஒற்றைச் செங்கல் சுவர்கள். மேற்குப் பக்கச் சுவர் பிற்பகல் வெயிலை நேராக வாங்குவதால் மாலை ஏழு மணிக்குக் கை வைத்தாலும் சுடுகிறது. இணையத்தில் பார்த்த வெளிநாட்டுக் காணொளிகளில் முதலில் பாலிஸ்டைரீன் நுரைப் பலகை, அதன்மேல் மைலார் தாள் (அலுமினியம் பூசிய பளபளப்பான பிளாஸ்டிக் தாள்) என்று நான்கு சுவர்களையும் மூடிவிடுகிறார்கள். நம் ஊருக்கும் அதுவே பொருந்துமா? சமையலறை அலுமினியத் தாளைக் கொண்டு செலவைக் குறைக்கலாமா?

வெள்ளைச்சுவர்:

வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெப்பத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் பிறகு சொல்வார்கள். பளபளப்பு இல்லாத தூய வெள்ளைச் சாயம் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். மைலார் தாள், புதிதாகவும் சுருக்கம் இல்லாமலும் இருக்கும்வரை, 90 விழுக்காட்டுக்குச் சற்று மேலே போகும். இந்தச் சிறிய வேறுபாடு நீடிக்காது. உரநீர் தெறித்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளி படிந்த தாளைத் துணியால் தேய்த்தால் அலுமினியப் பூச்சே சேர்ந்து உரிந்து வரும். சாயம் பூசிய சுவரையோ ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகலாம், மங்கினால் மறுபடியும் பூசலாம். வெள்ளைப் பரப்பு ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுவதால் கீழ் இலைகளுக்கும் வெளிச்சம் கிடைக்கும் என்பது இன்னொரு நன்மை.

சமையலறைத் தாளை விட்டுவிடுங்கள். கசங்காமல் அதை ஒட்டவே முடியாது, மடிப்புகளில் தூசி அடையும். தண்ணீரும் மின்கம்பியும் இருக்கும் அறையில் மின்சாரம் பாயக்கூடிய ஒரு தாளைச் சுவரெங்கும் ஒட்டுவது விவேகமும் அன்று.

சாயம் வாங்கும்போது பூஞ்சணத் தடுப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இளமஞ்சள் கலந்த வெள்ளையைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது நீல ஒளியைக் கணிசமாக விழுங்கிவிடும். தீபாவளிக்கு முன் லயன் வீடுகளுக்கு அடித்த சுண்ணாம்பு இதற்கு மோசமான பொருள் அன்று; காரத்தன்மையால் பூஞ்சணம் எளிதில் பற்றாது, சுவரும் மூச்சு விடும். ஆனால் பழைய எமல்ஷன் சாயத்தின்மேல் அது பிடிக்காது, உரசினால் சட்டையெல்லாம் வெள்ளையாகும்.

எந்தப் பொருளானாலும், செடிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கும். உங்கள் தட்டடுக்கு அறையின் நடுவில் நின்றால் மூன்றடி தள்ளி இருக்கும் சுவரைவிட, அடுக்கின் விளிம்பிலேயே தொங்கும் வெள்ளைப் பலகைதான் ஓரத்துச் செடிகளைக் காப்பாற்றும். கைப்பேசியின் ஒளிமானியை விளக்கை நோக்கிச் சுவரோரம் பிடித்து ஓர் அளவும், பிறகு ஒரு சாண் தள்ளிச் சுவரை நோக்கித் திருப்பி ஓர் அளவும் எடுங்கள். தோராயமான கணக்குதான் என்றாலும், இரண்டு மாதிரிகளில் எது மேல் என்பதை அது காட்டிவிடும்.

ஏர்கோன் வேலை:

தம்பி, சுவரில் எதையும் ஒட்டுவதற்கு முன், அந்த அறையில் ஏர்கோன் ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்யுங்கள். ஓடாது என்றால் சுவருக்கு வெப்பத்தடுப்பு வேண்டாம். விளக்கு இழுக்கும் 400 வாட்டில் செடி உணவாக்கிக்கொள்ளும் சிறு பங்கு போக மற்றதெல்லாம் வெப்பமாகத்தான் முடியும். நான்கு புறமும் பாலிஸ்டைரீன் வைத்து அடைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல், இரவில் வெளியே 24 பாகைக்கு இறங்கினாலும் உள்ளே இறங்காது. கேமரன் மலைக் குளிரில் சுகமாக வளரும் சாலட் கீரைக்கு அது ஆகாது. தண்டு நீண்டு, கசந்து, சீக்கிரம் பூத்துவிடும்.

ஓடும் என்றால் வெப்பத்தடுப்பு தேவைதான். 25 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் பலகை, உங்கள் ஒற்றைச் செங்கல் சுவரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் அந்தக் காணொளிக்காரர்களின் ஊரில் உள்ளே சூடு, வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும், ஆகவே ஈரத்தடுப்புத் தாளை உட்புறத்தில் வைக்கிறார்கள். நமக்கு இது தலைகீழ். வெளிக்காற்று 31 பாகை, ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், சுமார் 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் அந்தக் காற்று பட்டாலும் நீர் கோத்துக்கொள்ளும். அறையை 23 பாகையில் வைத்து, உட்புறம் மைலார் ஒட்டினால், செங்கல் வழியாக வரும் ஈரம் தாளின் முதுகில்தான் நீராகும். முன்பக்கம் பளபளவென்று இருக்கும். ஆறு மாதம் கழித்து ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் சுவரெங்கும் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். வேலைக்குப் போன வீடுகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே நீர்புகாப் பூச்சு சுவரின் வெளிப்பக்கம் இருக்கட்டும். உட்பக்கம் ஈரத்தை உலரவிடும் வெள்ளைச் சாயமே போதும்.

சுவரைவிடக் கூரையே பெரிய எதிரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறோம். நடுப்பகல் வெயில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய உச்சந்தலையில்தான் விழும். முதலில் சீலிங்குக்கு மேல் கல்கம்பளி (ராக்வூல் எனும் வெப்பத்தடுப்பு விரிப்பு) விரியுங்கள், அல்லது கூரைக்கு அடியில் அலுமினியத் தாள் கட்டுங்கள். தாளின் பளபளப்பான முகத்துக்கு எதிரே 25 மில்லிமீட்டராவது காற்று இடைவெளி இருக்க வேண்டும். எதன்மீதாவது ஒட்டிக்கிடந்தால் அது வெப்பத்தைக் கடத்தும் வெறும் உலோகம்தான். அந்த முகம் கீழ்நோக்கி இருந்தால் தூசியும் படியாது.

சிப்புட்வாசி:

மிக்க நன்றி ஐயா. முதல் ஆண்டு ஏர்கோன் இல்லாமல், விளக்கை இரவில் மட்டும் எரியவிட்டு, காற்று வெளியேற்றும் விசிறியோடு தொடங்க நினைக்கிறேன். அப்படியானால் மேற்குச் சுவரை மட்டும் என்ன செய்வது? சீலிங் 80களில் வீடு கட்டியபோது போட்ட தட்டையான சாம்பல் நிறத் தகடு, அதில் துளையிடலாமா?

கட்டடக்காரர்:

துளையிடாதீர்கள். அந்தக் காலத்துச் சீலிங் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்பு உண்டு. உடையாமல் இருக்கும்வரை பெரிதாகத் தொல்லை தராது, துளையிட்டாலும் அறுத்தாலும் வரும் தூள்தான் நுரையீரலுக்குக் கேடு. சோதித்துப் பார்க்கும்வரை அதன்மேல் எதையும் விரிக்காமல், விளக்கையும் விசிறியையும் தரையில் நிற்கும் இரும்புச் சட்டத்தில் தொங்கவிடுங்கள்.

மேற்குச் சுவருக்கு வெளியிலிருந்து நிழல் கொடுங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பம் நட்டு நிழல்வலை கட்டினாலோ, பந்தல் போட்டு அவரையைப் படரவிட்டாலோ, செங்கல் வெப்பத்தை வாங்குவதற்கு முன்பே தடுத்துவிடலாம். வெளிப்புறத்துக்கு வெள்ளைச் சாயம் பூசுவதும் உதவும்.

பின்னாளில் ஏர்கோன் வைத்துப் பாலிஸ்டைரீனுக்குப் போனால், அதை வெறுமனே விடாமல் சிமெண்டுப் பலகையால் மூடிவிடுங்கள். தீப்பற்றினால் உருகிச் சொட்டி நச்சுப்புகை கக்கும் பொருள் அது. செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கறையானுக்கும் பஞ்சமில்லை. கறையான் அதைத் தின்று வாழாவிட்டாலும், உள்ளே சுரங்கம் தோண்டிக் கதவு நிலைக்கு ஏறிவிடும். பலகையின் அடி விளிம்பு தரையைத் தொடாமல் ஒரு கையகலம் விட்டு நிறுத்தினால், மண்கோடு ஏறுவது கண்ணில் படும்.