சந்த்ரிக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, ஒரு சொல்லுக்காக மூன்று நாளாகத் திண்டாடுகிறேன். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள பெசந்த்ரென் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். கியாய் எனப்படும் ஆசிரியரின் வீட்டை ஒட்டியே பிள்ளைகள் தங்கி இஸ்லாமிய மார்க்கக் கல்வி ஓதும் இடம் அது.

அங்கே ஓதுபவர் சந்த்ரி. ‘மாணவர்’ என்று போட்டால் சப்பென்று இருக்கிறது. அதிலும் இரண்டு வகை. தங்கி ஓதுபவர் ‘சந்த்ரி முகிம்’. வந்து ஓதிவிட்டு வீடு திரும்புபவர் ‘சந்த்ரி காலோங்’. காலோங் என்றால் பழந்தின்னி வௌவால். இருட்டியதும் வந்து போவதால் அந்தப் பேர்! இதைத் தமிழில் இழக்க மனசே வரவில்லை. ‘வௌவால் பிள்ளைகள்’ என்றால் கேலியாகத் தொனிக்குமா?

ஓதி முடித்தவருக்கும் ஒரு சொல் வேண்டும். வேலூர் பாகியாத் அரபிக் கல்லூரியில் ஓதியவர் பாகவி, சென்னை ஜமாலியா அரபிக் கல்லூரியில் ஓதியவர் ஜமாலி என்று பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அதுபோல் எல்லாருக்கும் பொதுவாக ஏதாவது உண்டா? ‘முன்னாள் மாணவர்’ வேண்டாம். ஊர் திரும்பிப் பல வருஷம் ஆனாலும் தன்னைச் சந்த்ரி என்றே சொல்லிக்கொள்பவரிடம் ‘முன்னாள்’ எப்படி ஒட்டும்?

இன்னொன்று. ஓதிக்கொடுப்பவர் என்ற பொருளில் தமிழிலிருந்து போன சொல்தான் சந்த்ரி என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர்க்காரர்கள் யாராவது இருந்தால், இப்படி ஒரு சொல் நம் பக்கம் வழக்கில் இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்.