எஸ்கியூலைட்: கோப்புக்கு மட்டும் எழுத்து அனுமதி போதுமா?

முனையக்காரன் | இரவு 9.10
நேற்று இன்னோர் இழையில் கல்லணை எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பைத்தான் இணையச் சட்டகமான ஜாங்கோவில் எழுதி, எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் தரவை வைக்கும் நூலகச் செயலியை உபுண்டு லினக்ஸில், இணையச் சேவையகமான அப்பாச்சியின் கீழ் ஏற்றிய ஒருவர், இரவல் பதிவு செய்யும்போதெல்லாம் 'படிக்க மட்டுமேயான தரவுத்தளம்' என்று பிழை வருவதாகக் கேட்டிருந்தார். கல்லணையின் பதில்: "எஸ்கியூலைட் என்பது ஒரே ஒரு கோப்பு. அதற்கு 666 கொடுங்கள். கோப்புக்கு மட்டும் போதும்." 666 என்றால் எல்லோரும் படிக்கவும் எழுதவும் அனுமதி.

போதாது. எஸ்கியூலைட் எழுதத் தொடங்கும்போது அதே அடைவில் (டைரக்டரியில்), தரவுத்தளத்தின் பெயரோடு 'ஜர்னல்' என்று முடியும் இன்னொரு கோப்பை உருவாக்கும். பாதியில் மின்சாரம் போனால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் துணை. அடைவில் எழுத அனுமதி இல்லாவிட்டால் அந்தக் கோப்பு பிறக்காது, எழுத்தும் நடக்காது. இந்த ஒரு கோளாறுக்கென்றே எஸ்கியூலைட்டில் தனிப் பிழை எண் இருக்கிறது: 1544. தெரியாமல் சொல்வது வேறு, 'போதும்' என்று அடித்துச் சொல்வது வேறு.

கல்லணை | இரவு 9.31
பெயர் சொல்லித் தனி இழை திறக்கும் அளவுக்கு நான் என்ன குற்றம் செய்துவிட்டேன்? எட்டு ஆண்டுகளாகச் சேவையகம் பார்க்கிறேன். எங்கள் கடையின் பில் செயலியில் கோப்புக்கு 666, அடைவுக்கு 755 (உரிமையாளர் மட்டும் எழுதலாம்), உரிமையாளர் நான். அப்பாச்சி தினமும் எழுதுகிறது. கண்ணெதிரே ஓடுவதை ஓடாது என்றால் எதை நம்புவது? கோப்புக்கு மட்டும் போதும்.

நூலகத்தம்பி | இரவு 9.40
கேட்டவன் நான்தான். கல்லணை அண்ணன் சொன்னபடி 666 கொடுத்தேன், தீரவில்லை. அவசரத்தில் செயலி முழுவதற்கும் 777 கொடுத்துவிட்டேன். இப்போது பதிவாகிறது. இருவருக்கும் நன்றி.

முனையக்காரன் | இரவு 9.52
தம்பி, நன்றி சொல்லும் நேரமில்லை இது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. இலக்கங்கள் உரிமையாளர், குழு, மற்றவர் என்ற வரிசையில் வரும். 4, 2, 1 மூன்றையும் கூட்டி எல்லோருக்கும் கொடுப்பதுதான் 777. அதே இயந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் உங்கள் நிரலைத் திருத்தலாம், அமைப்புக் கோப்பில் உள்ள ரகசியச் சாவியை மாற்றலாம். ஒரு கோப்பை நீக்க அந்தக் கோப்பின் அனுமதி தேவையே இல்லை, அடைவின் அனுமதி போதும். உங்கள் தரவுத்தளத்தை நீக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை யாரும் வைத்துவிட முடியும்.

நிரல் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அடைவுகள் 755, கோப்புகள் 644. தரவுத்தளத்துக்கு மட்டும் தனி அடைவு. அதன் குழுவை அப்பாச்சி ஓடும் பயனரின் குழுவாக மாற்றுங்கள். உபுண்டுவில் அதன் எண் 33. அடைவுக்கு 2770, கோப்புக்கு 660. முன்னால் நிற்கும் 2, புதிதாகப் பிறக்கும் கோப்புகளும் அதே குழுவில் சேர்வதற்காக. கல்லணை இந்த அடைவைத்தான் மறந்தார்.

பொன்னேர் | இரவு 10.05
எஸ்கியூலைட்டை இணையச் செயலிக்கு வைத்ததுதான் முதல் பிழை. தனிச் சேவையாக ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பாருங்கள். தரவு அடைவின் அனுமதி 700 அல்லது 750 இல்லையென்றால் தொடங்கவே மறுத்துவிடும். 777 கொடுத்தால் தானே கதவைச் சாத்திக்கொள்ளும். அதுதான் தரவுத்தளம்.

முனையக்காரன் | இரவு 10.11
ஒரு சிற்றூர் நூலகத்தில் நாளைக்கு எத்தனை இரவல் நடக்கும், பொன்னேர்? அதற்குத் தனிச் சேவை ஒன்றை நிறுவிப் பராமரிக்கச் சொல்கிறீர்கள். கேட்ட கேள்வி அனுமதி பற்றியது.

சொற்கூடை | இரவு 10.20
எல்லோரும் 'அடைவு' என்றே எழுதுகிறீர்கள். தமிழ் இடைமுகங்களில் 'கோப்புறை' என்று அழகான சொல் இருக்கிறதே. அடைவு என்றால் அடகு என்றும் பொருள் உண்டு. புதிதாகப் படிப்பவர் குழம்புவார்.

முனையக்காரன் | இரவு 10.26
அடைவில் இருப்பது பெயர்களின் பட்டியல். உறை என்றதும் உள்ளே பொருள் இருப்பதாக நினைக்கிறோம். அதனால்தான் கோப்பின் அனுமதியும் அடைவின் அனுமதியும் ஒன்றென்று சிலர் மயங்குகிறார்கள். நான் அடைவு என்றே எழுதுவேன்.

சொற்கூடை | இரவு 10.33
உங்கள் விளக்கம் உங்களோடு. கோப்புறை என்பதே வழக்கு.

கல்லணை | இரவு 10.38
'சிலர்' என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. கடந்த ஆண்டு காப்புப்பிரதி விவாதத்தில், தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுக்கலாம் என்று எழுதியவர் நீங்கள்தானே? ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி எடுத்த நகல் சிதைந்து போகக்கூடும். அப்போது நான் தனி இழை திறக்கவில்லை.

முனையக்காரன் | இரவு 10.47
சேவையை நிறுத்திவிட்டு நகலெடுக்கலாம் என்றுதான் எழுதினேன். பாதி வாக்கியத்தை வெட்டி ஓராண்டாகச் சுமந்து திரிகிறீர்கள்.

இந்த விவாதத்துக்கு வாருங்கள். உங்கள் தரவுத்தளம் எந்த ஜர்னல் முறையில் இருக்கிறது? அதைச் சொல்லாமல் 'ஓடுகிறது' என்றே நான்கு முறை சொன்னாலும் அது சான்றாகாது.

கல்லணை | இரவு 10.55
ஒரே ஒரு முறைதான் சொன்னேன், எண்ணிப் பாருங்கள். முறை டபிள்யூஏஎல். அதனால் என்ன?

முனையக்காரன் | இரவு 11.08
அதனால்தான் எல்லாம். டபிள்யூஏஎல் என்றால் மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறை; 2010இல் எஸ்கியூலைட்டின் 3.7.0 பதிப்போடு வந்தது. அதில் ஜர்னலுக்குப் பதிலாக வேறு இரண்டு துணைக் கோப்புகள் அதே அடைவில் இருக்கும். உங்கள் பெயரில் பின்னணியில் ஏதாவது நிரல் ஓடுகிறதா? அது தரவுத்தளத்தைத் திறந்தே வைத்திருந்தால் அந்த இரண்டையும் அதுவே உருவாக்கியிருக்கும். தரவுத்தளத்துக்கு 666 என்றால் அவற்றுக்கும் அதே அனுமதி கிடைக்கும். அப்பாச்சி அவற்றில் எழுதிக்கொண்டிருக்கிறது, புதிதாக எதையும் உருவாக்கவில்லை. கடைசி இணைப்பாக அந்த நிரல் மூடும் நாளில் இரண்டு கோப்புகளும் நீக்கப்படும். அதற்குப் பின் அப்பாச்சி முதலில் திறக்க வந்தால் உங்கள் பில் நின்றுவிடும். அடைவுக்கு அனுமதி வேண்டும், கல்லணை.

கல்லணை | இரவு 11.15
கையிருப்பு கணக்கிடும் நிரல் ஒன்று என் பெயரில் ஓடுகிறது. ஆனால் எட்டு மாதமாக ஒரு பில்கூட நின்றதில்லை. நிற்கும், நிற்கும் என்று நீங்கள் சொல்வதால் நின்றுவிடாது. கோப்புக்கு மட்டும் போதும்.

நூலகத்தம்பி | இரவு 11.24
முனையக்காரன் ஐயா, சொன்னபடியே செய்தேன். தரவுக்கான அடைவை என் வீட்டு அடைவுக்குள் உருவாக்கி, 2770 கொடுத்து, கோப்பை அங்கே மாற்றினேன். அமைப்பிலும் பாதையை மாற்றிவிட்டேன். இப்போது தரவுத்தளத்தைத் திறக்கவே முடியவில்லை என்கிறது.

கல்லணை | இரவு 11.27
777இல் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

முனையக்காரன் | இரவு 11.36
வீட்டு அடைவுக்குள் வைக்கச் சொல்லவில்லையே, தம்பி. உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் வீட்டு அடைவு 750. பாதையில் உள்ள ஒவ்வோர் அடைவிலும் கடந்து செல்லும் அனுமதி, அந்த 1, அப்பாச்சிக்கு இருக்க வேண்டும். உங்கள் வாசலிலேயே அது நின்றுவிட்டது. அடைவை, சேவைத் தரவுக்கென்று இருக்கும் எஸ்ஆர்வி அடைவின் கீழ் மாற்றுங்கள். வீட்டு அடைவைத் திறந்துவிடாதீர்கள்.

பொன்னேர் | இரவு 11.41
போஸ்ட்கிரெஸ் என்றால் துறை எண் (போர்ட்) 5432இல் இணைந்திருப்பீர்கள். இந்த நடை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

கல்லணை | இரவு 11.48
என் பதில் இரண்டு வரி. உங்களுடையது எத்தனை பதிவு? தம்பியின் நூலகம் இன்னும் ஓடவில்லை.

முனையக்காரன் | இரவு 11.52
உங்கள் இரண்டு வரியில் ஓடாததால்தான் அவர் 777க்குப் போனார். நேராகக் கேட்கிறேன்: பின்னணி நிரலை நிறுத்தி, அப்பாச்சியை மட்டும் மறுதொடக்கம் செய்து, ஒரே ஒரு பில் போட்டுக் காட்டுவீர்களா? ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள், காத்திருக்கிறேன்.

கல்லணை | இரவு 11.58
ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்குக் கடை உண்டு.