அப்பர்ச்சரை முழுக்கத் திறந்தும் பின்னணி மங்கவில்லையே, ஏன்?

கேள்வி:
கேமராவுக்குப் புதியவன். டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் (கிட் லென்ஸ்). அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, அதன் எண் சிறியதாக இருந்தால் பின்னணி மங்கும் என்று படித்துவிட்டு, அந்த எண்ணை நாமே வைக்கும் அப்பர்ச்சர் மோடில் எஃப்/3.5 வைத்துத் தோழியைப் படம் எடுத்தேன். முகமும் தெளிவு, பின்னால் சுவரில் இருக்கும் விரிசலும் தெளிவு! 55-க்கு ஜூம் செய்தால் எண் தானாகவே 5.6-க்குப் போய்விடுகிறது. லென்ஸில் கோளாறா?

அப்புறம், வீட்டுக்குள் குடும்பப் படம் ஒன்று. எல்லா முகமும் தெளிவாக வரட்டும் என்று எஃப்/22 வைத்தேன். ஒரு முகம்கூடத் தேறவில்லை. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100.

பதில் 1:
கோளாறு எதுவும் இல்லை. லென்ஸின் மேல் 3.5-5.6 என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். 18-ல் 3.5 வரை திறக்கும், 55-ல் 5.6 வரைதான்.

ஆனால் 5.6 என்றதும் துளை சுருங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். குவியத் தூரத்தை (18, 55 என்று மி.மீ.-ல் சொல்வது அதைத்தான்) துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். துளை பெரிதானால் எண் ஏன் சிறிதாகிறது என்பதும் இதிலேயே புரிந்துவிடும். 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் துளை 5 மி.மீ. சொச்சம். 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10 மி.மீ. ஆக, உங்கள் லென்ஸில் பெரிய துளை 55-ல்தான் கிடைக்கிறது.

அதனால் 55, எஃப்/5.6 வையுங்கள். முகமும் தோளும் சட்டத்தை நிறைக்கும் அளவுக்குக் கிட்டே போங்கள். முக்கியமாக, தோழியைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். சுவரில் சாய்ந்து நிற்பவரை எந்த லென்ஸாலும் பின்னணியிலிருந்து பெரிதாகப் பிரித்துக் காட்ட முடியாது.

பதில் 2:
குடும்பப் படத்துக்கு நான் சொல்கிறேன். 5.6, 8, 11, 16, 22 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். 5.6-லிருந்து 22-க்கு 4 படி, அதாவது உள்ளே வருவது 16-ல் ஒரு பங்கு. 5.6-ல் ஷட்டர் 1/60 விநாடி திறந்திருக்க வேண்டிய அறையில் 22-க்கு 1/4 விநாடி ஆகும். அதற்குள் உங்கள் கையும் ஆடும், குழந்தைகளும் திரும்பிவிடுவார்கள். படத்தின் விவரத்தில் ஷட்டர் வேகம் இருக்கும், பாருங்கள்.

ஸ்டாண்டில் வைத்தாலும் 22 வேண்டாம். அவ்வளவு சிறிய துளையில் ஒளி ஓரத்தில் விலகிப் பரவுவதால் படம் முழுவதும் சற்று மழுங்கும். எஃப்/8, ஐஎஸ்ஓ 800 வைத்தால் அதே அறையில் 1/250 கிடைக்கும். இரண்டு வரிசை ஆட்களுக்கு 8 தாராளம். ஐஎஸ்ஓ கூடுவதால் படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினால் தட்டட்டும், ஆடிப்போன படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பதில் 3:
பேசாமல் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்கிவிடுங்கள். பின்னணி அப்படியே கரையும்.

பதில் 1:
நல்ல லென்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்போதே எதற்கு? கிட்டத்தில் நின்று 1.8-ல் எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் வரும். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைக்கப் பழகிய பிறகு வாங்கலாம்.

கேட்டவர்:
55-ல் தள்ளி நிறுத்தி எடுத்தேன், மங்கியது! நன்றி. ஆனால் எண்ணை எவ்வளவு மாற்றினாலும் வியூஃபைண்டரில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே?

பதில் 2:
தெரியாது. நீங்கள் 16 வைத்தாலும் லென்ஸ் முழுக்கத் திறந்தேதான் இருக்கும், ஷட்டர் விழும் நொடியில்தான் சுருங்கும். சில கேமராக்களில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்குப் பக்கத்தில் முன்னோட்டப் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பார்த்தால் எது எது தெளிவாக வரும் என்று தெரியும். 16-ல் அழுத்தினால் காட்சி இருண்டுவிடும், பயப்படாதீர்கள். அந்தப் பொத்தான் இல்லையென்றால், எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள்.