எஞ்சுதுண்டு, இடைத்துண்டு, களைவிணைப்பு: மூன்று கலைச்சொற்களுக்கான முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

படியெடுத்த ஆர்என்ஏவில் இறுதிவரை நிற்கும் பகுதியான எக்ஸான், இடையிலிருந்து நீக்கப்படும் பகுதியான இன்ட்ரான், அதை நீக்கி மற்றவற்றை இணைக்கும் நிகழ்வான ஸ்பிளைசிங் ஆகிய மூன்றுக்கும் தமிழ்ச்சொல் வேண்டுமா என்ற கேள்வி ஒருவாறு முடிந்து, எந்தச் சொல் என்ற இடத்துக்கு உரையாடல் வந்திருக்கிறது. இதுவரை முன்வைக்கப்பட்ட சொற்களை அவை குறிக்க வேண்டிய நிகழ்வோடு பொருத்திப் பார்த்து என் கருத்தை எழுதுகிறேன். இம்மூன்றையும் தனித்தனியே ஆக்கினால் சரிவராது. ஒன்றன் வரையறைக்குள் மற்ற இரண்டும் அடங்கியிருப்பதால், ஒன்று பிசகினால் மற்றவையும் பிசகும். ஜீன் என்பதற்கு மரபணுவா பரம்பரையலகா என்ற பழைய வழக்கை இங்கே மீண்டும் திறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நான் மரபணு என்றே எழுதுகிறேன், மற்றதை விரும்புவோர் மாற்றிப் படித்துக்கொள்ளலாம், வாதம் மாறாது.

முதலில் நிகழ்வைப் பார்ப்போம். மரபணுவில் உள்ள அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என்ற நான்கு காரங்களின் வரிசை ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தத் தூது ஆர்என்ஏவை மும்மூன்று காரங்களாகப் படித்து ரைபோசோம் புரதத்தைக் கட்டுகிறது. 1977 வரை, மரபணுவின் வரிசையும் தூது ஆர்என்ஏவின் வரிசையும் முதலிலிருந்து முடிவுவரை நேருக்கு நேர் ஒத்திருக்கும் என்றே கருதப்பட்டது. பாக்டீரியாக்களில் அப்படித்தான் இருந்தது. அவ்வாண்டில் அடினோவைரசின் தூது ஆர்என்ஏவை அதன் டிஎன்ஏவோடு இணைசேர்த்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, டிஎன்ஏ ஆங்காங்கே துணையின்றி வளையம் வளையமாகப் புடைத்து நின்றது. அந்த வளையங்களுக்கு உரிய வரிசை தூது ஆர்என்ஏவில் இல்லவே இல்லை. முழுதாகப் படியெடுத்த பிறகு, அல்லது படியெடுத்துக்கொண்டிருக்கும்போதே, இடையிடையே இருந்த பகுதிகள் நீக்கப்பட்டு மற்றவை ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. இதைத் தனித்தனியே கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவருக்கும் 1993இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்ட்ரான், எக்ஸான் என்ற பெயர்களை 1978இல் சூட்டியவர் வால்ட்டர் கில்பர்ட். மரபணுவின் உள்ளே அமைந்த பகுதி என்ற பொருளில் முன்னதையும், வெளிப்படுத்தப்படும் பகுதி என்ற பொருளில் பின்னதையும் ஆக்கினார். அதாவது ஒன்றுக்கு இருப்பிடத்தாலும் மற்றொன்றுக்குச் செயலாலும் பெயர் வந்தது. உள், வெளி என்ற எதிர்நிலை அவற்றில் தற்செயலாகத் தோன்றுவதே தவிர, கருத்தில் இல்லை. எனவே முதலில் பரிந்துரைக்கப்பட்ட உள்ளன், வெளியன் என்ற இணையை நான் ஏற்கத் தயங்குகிறேன். வெளியன் என்ற சொல்லைப் பார்க்கும் மாணவர் வெளியே எறியப்படுவது என்று எண்ணிக்கொள்வார். நடப்பதோ அதற்கு நேர்மாறு. இடையன் என்ற பரிந்துரை ஏன் நிற்காது என்று விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து, குறிப்பகுதி, குறியிலாப் பகுதி என்ற இணை. புரதத்தைக் குறிக்கும் பகுதி எக்ஸான், குறிக்காத பகுதி இன்ட்ரான் என்ற விளக்கம் பல நூல்களில் இருப்பதால் இச்சொற்கள் இயல்பாகத் தோன்றக்கூடும். ஆனால் அந்த விளக்கமே குறைபாடுடையது. ஒரு தூது ஆர்என்ஏவின் இரு ஓரங்களிலும் புரதமாக மாறாத நீளங்கள் இருக்கின்றன. அவை களையப்படுவதில்லை, இறுதிவரை ஆர்என்ஏவிலேயே இருக்கின்றன, ஆகவே அவையும் எக்ஸானைச் சேர்ந்தவையே. பெண்பால் பாலூட்டிகளின் உயிரணுவில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்றை அடக்கிவைக்கும் ஆர்என்ஏவை இன்னும் தெளிவான சான்றாகக் கொள்ளலாம். அதன் மரபணுவிலும் எக்ஸான்களும் இன்ட்ரான்களும் இருக்கின்றன. ஆனால் அந்த ஆர்என்ஏ எந்தப் புரதத்தையும் தருவதில்லை. குறிப்பகுதி என்ற சொல்லை வைத்துக்கொண்டால், குறிக்காத குறிப்பகுதி என்று எழுத நேரும். குறிப்பகுதி என்பதைப் புரதமாக மாறும் நீளத்துக்கு மட்டும் ஒதுக்கி வைப்போம். அங்கே அது மிகப் பொருத்தமான சொல்.

பயன்துண்டு, வீண்துண்டு என்ற இணைக்குத்தான் என் எதிர்ப்பு மிகுதி. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால், அந்தத் தீர்ப்பு மாறும்போது பெயர் கேலிப்பொருளாகிவிடும். இங்கே அது ஏற்கெனவே மாறிவிட்டது. மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் நுண் ஆர்என்ஏக்களில் கணிசமானவை இன்ட்ரான்களிலிருந்தே உருவாகின்றன. முதுகுத்தண்டுவடத் தசைநலிவு நோயில் மனிதர்களுக்குத் துணையாக நிற்கும் எஸ்எம்என்2 மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதன்மை மரபணுவான எஸ்எம்என்1ஐப் பெரும்பாலும் அப்படியே ஒத்தது. ஏழாம் எக்ஸானின் ஆறாம் இடத்தில் சைட்டோசினுக்குப் பதிலாகத் தைமின் இருப்பது முக்கியமான வேறுபாடு. அந்த மாற்றத்தால் அமினோ அமிலம் எதுவும் மாறுவதில்லை. ஆனாலும் எஸ்எம்என்2இலிருந்து வரும் ஆர்என்ஏக்களில் பெரும்பாலானவற்றில் ஏழாம் எக்ஸான் முழுவதும் விடுபட்டுப்போகிறது. கிடைக்கும் புரதம் நிலைப்பதில்லை. 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென் என்ற மருந்து எங்கே போய் ஒட்டுகிறது தெரியுமா? ஏழாம் எக்ஸானுக்கு அடுத்திருக்கும் இன்ட்ரானில். அங்குள்ள ஒரு தடுப்பு வரிசையை அது மறைத்துவிட, விடுபட்டுக்கொண்டிருந்த எக்ஸான் மீண்டும் சேர்க்கப்படுகிறது. வீண்துண்டு என்று நாம் பெயரிட விரும்பிய இடத்தில்தான் மருந்து வேலை செய்கிறது.

ஆகவே இன்ட்ரானுக்கு இருப்பிடத்தை மட்டும் சொல்லும் இடைத்துண்டு என்ற சொல்லே போதும் என்பது என் முன்மொழிவு. இடையில் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் உறுதிகூறவில்லை. சில ஆர்என்ஏக்களில் இன்ட்ரான் களையப்படாமலே தங்கிவிடுவதுண்டு. அப்போதும் இச்சொல் பொய்யாவதில்லை. ஒரு மரபணுவுக்கும் அடுத்த மரபணுவுக்கும் நடுவில் உள்ள பகுதியோடு இது குழம்பாதா என்று கேட்கப்பட்டது. நியாயமான கேள்வி. அதனை மரபணுக்களிடைப் பகுதி என்று பன்மையை வெளிப்படையாக வைத்து எழுதுவதோடு, துண்டு என்ற சொல்லை அங்கே வராமல் பார்த்துக்கொண்டால் குழப்பம் நேராது.

எக்ஸானுக்கு எஞ்சுதுண்டு. இதற்கு மட்டும் சற்று விரிவான விளக்கம் தேவைப்படுகிறது. எஞ்சிய துண்டு என்றோ எஞ்சும் துண்டு என்றோ எழுதாமல் எஞ்சுதுண்டு என்று வினைத்தொகையாக ஆக்குவதற்குக் காரணம் உண்டு. ஊறுகாய் என்பது ஊறிய காய்க்கும் ஊறுகின்ற காய்க்கும் ஊறும் காய்க்கும் பொதுவாக நிற்பதுபோல, எஞ்சுதுண்டும் முக்காலத்துக்கும் பொதுவாக நிற்கும். டிஎன்ஏவில் இருக்கும்போது அது இனி எஞ்சப்போவது. முதிர்ந்த ஆர்என்ஏவில் அது எஞ்சியது. இரண்டு நிலைக்கும் ஒரே சொல் வேண்டுமென்ற தேவையை வினைத்தொகை ஓசையின்றி நிறைவேற்றிவிடுகிறது. இதில் வல்லினம் மிகாது என்பதையும் கவனிக்க வேண்டும். எஞ்சுத்துண்டு என்று எழுதினால் பிழை. இடைத்துண்டில் மிகும், எஞ்சுதுண்டில் மிகாது.

எல்லா எஞ்சுதுண்டும் எப்போதும் எஞ்சுவதில்லையே என்ற மறுப்பு இதைவிடக் கடினமானது. பழ ஈயின் டிஸ்காம் என்ற மரபணுவில் நான்கு இடங்களில் தேர்வுக்கு உரிய எஞ்சுதுண்டுகள் வரிசையாக நிற்கின்றன: ஓரிடத்தில் 12, மற்றோரிடத்தில் 48, அடுத்ததில் 33, கடைசியில் 2. ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒன்றே ஒன்றுதான் எடுக்கப்படும். பெருக்கிப் பார்த்தால் 38,016 வகைத் தூது ஆர்என்ஏக்களுக்கு இடமிருக்கிறது; அந்த ஈயின் மொத்த மரபணு எண்ணிக்கையைவிட இது இரு மடங்குக்கும் மேல். ஒரு குறிப்பிட்ட ஆர்என்ஏவை மட்டும் பார்த்தால், அந்த 48இல் 47 களையப்பட்டிருக்கும். அவற்றை எஞ்சுதுண்டு என்று சொல்வது முறையா? முறை என்றே கருதுகிறேன். ஏதேனும் ஓர் ஆர்என்ஏவில் எஞ்சக்கூடியது என்பதே எக்ஸானுக்கு உரிய வரையறை. காலத்தைச் சொல்லாத வினைத்தொகை, எஞ்சியே தீரும் என்ற உறுதியையும் சொல்வதில்லை.

எஞ்சுதல் என்றால் சிறிதளவே மிஞ்சியது என்ற சாயல் இருக்கிறதே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சாயல் இங்கே குறையாகத் தோன்றவில்லை. தசையின் டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கான மரபணு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார இணைகளைக் கொண்டது. அதை ஒருமுறை படியெடுத்து முடிக்க ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகிறது. அதிலுள்ள 79 எஞ்சுதுண்டுகளையும் சேர்த்தால் தூது ஆர்என்ஏவின் நீளம் ஏறத்தாழ 14,000 காரங்கள்தாம். நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை.

இனி ஸ்பிளைசிங். ஒட்டுதல் என்பது பாதியை மட்டும் சொல்கிறது. தவிர, டிஎன்ஏ துண்டுகளை இணைக்கும் நொதியான டிஎன்ஏ லைகேஸ் செய்யும் வேலைக்கு அச்சொல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. வெட்டியொட்டல் என்பது கேட்டவுடன் பிடித்துப்போகிற சொல், ஆனால் கணினி வழக்கில் வெட்டப்பட்டது எதுவோ அதுவே வேறிடத்தில் ஒட்டப்படுகிறது. இங்கே வெட்டப்பட்டது கழிகிறது, வெட்டப்படாதவை இணைகின்றன. நொதியிணைப்பு என்ற பரிந்துரையும் நிற்காது. டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் ஆர்என்ஏ எந்தப் புரதத்தின் துணையுமின்றித் தன் இடைத்துண்டைத் தானே நீக்கிக்கொள்வதைத் தாமஸ் செக் 1982இல் காட்டினார். செய்பவர் யார் என்பதைப் பெயருக்குள் வைப்பது பாதுகாப்பானதன்று.

களைந்திணைப்பு என்ற சொல்லே இதுவரை வந்தவற்றுள் சிறந்தது. என்றாலும் அதில் சிறு திருத்தம் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. களைந்து என்ற எச்சம், முதலில் களைதல் முடிந்து பிறகு இணைத்தல் தொடங்குவதாகக் காட்டுகிறது. வேதிவினை அப்படி நடப்பதில்லை. இடைத்துண்டு பெரும்பாலும் குவானின்-யூரசிலில் (ஆர்என்ஏவில் தைமினின் இடத்தில் யூரசில் இருக்கும்) தொடங்கி அடினின்-குவானினில் முடியும். முடிவுக்குச் சற்று முன்னால் ஓர் அடினின் கிளைப்புள்ளியாக நிற்கும். முதல் வினையில் அந்த அடினினைத் தாங்கும் சர்க்கரையின் ஹைட்ராக்சில் தொகுதி, இடைத்துண்டின் தொடக்க முனையைத் தாக்குகிறது. முந்தைய எஞ்சுதுண்டு அறுபடுகிறது, இடைத்துண்டின் தொடக்கம் வளைந்துவந்து அடினினோடு பிணைந்து கண்ணியாகிறது. இரண்டாம் வினையில், அறுபட்ட எஞ்சுதுண்டின் நுனி அடுத்த எஞ்சுதுண்டின் தொடக்கத்தைத் தாக்குகிறது. அவ்விரண்டும் இணைவதும் கண்ணி கழல்வதும் ஒரே வினைதான். ஆகவே முன்பின் காட்டாமல் களைவும் இணைப்பும் என்று உம்மைத்தொகையாகக் களைவிணைப்பு என ஆக்கலாம். ஓரெழுத்தாவது குறைகிறது என்பது கூடுதல் வசதி. இதிலிருந்து மாற்றுக் களைவிணைப்பு, தற்களைவிணைப்பு, களைவிணைப்பு முனை ஆகியவை சிக்கலின்றிக் கிளைக்கின்றன. ஐந்து சிறு ஆர்என்ஏக்களும் ஏராளமான புரதங்களும் சேர்ந்து இந்த வேலையைச் செய்யும் ஸ்பிளைசோசோமைக் களைவிணைப்பி எனலாம்.

சொற்களைப் பட்டியலில் பார்ப்பதைவிடப் பத்தியில் ஓடவிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை என்பதால், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் குறைவதால் வரும் பரம்பரை இரத்தச்சோகையான பீட்டா தலசீமியா பற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்.

"பீட்டா குளோபின் மரபணுவில் மூன்று எஞ்சுதுண்டுகளும் இரண்டு இடைத்துண்டுகளும் உள்ளன. முதல் இடைத்துண்டின் நீளம் 130 காரங்கள். அதன் 110ஆம் இடத்தில் குவானினுக்குப் பதிலாக அடினின் வந்துவிட்டால், முடிவு முனைக்கு உரிய அடினின்-குவானின் இணை இருக்கக் கூடாத இடத்தில் உருவாகிறது. களைவிணைப்பி பெரும்பாலும் அந்தப் போலி முனையையே பற்றிக்கொள்கிறது. இடைத்துண்டின் கடைசி 19 காரங்கள் களையப்படாமல் தூது ஆர்என்ஏவில் தங்கிவிடுகின்றன. 19 மூன்றால் வகுபடாத எண்ணாகையால் ரைபோசோமின் மும்மூன்று வாசிப்பு நிலைபெயர்ந்து, நிறுத்தக் குறி முன்கூட்டியே எதிர்ப்பட்டு, புரதம் பாதியில் நின்றுவிடுகிறது. சரியான முனையில் களைவிணைப்பு நிகழும் சிறு பங்கிலிருந்து மட்டுமே முழுமையான புரதம் கிடைக்கிறது."

படித்துப் பார்த்ததில் ஓரிடம் உறுத்துகிறது. அந்த 19 காரங்கள் எஞ்சிவிடுகின்றன என்று எழுதக் கை போய், தங்கிவிடுகின்றன என்று மாற்றினேன். எஞ்சுதுண்டு கலைச்சொல்லான பிறகு, எஞ்சு என்ற வினையை அதே பத்தியில் பொதுப்பொருளில் ஆள்வது சிக்கல். வரையறையைக் கறாராகப் பிடித்தால், இந்தப் பிறழ்வு உள்ளவரின் ஆர்என்ஏவில் இரண்டாம் எஞ்சுதுண்டு 19 காரங்கள் நீண்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும். அதுவும் சரியான கூற்றே. உரையாசிரியர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து சீராக ஆள வேண்டும் என்ற குறிப்பைச் சொற்பட்டியலில் சேர்க்கலாம்.

கழன்றுவிழும் கண்ணிக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை. சுருக்குக்கண்ணி என்பது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆயினும் கிளைப்புள்ளிக்கு அப்பால் அதற்கு ஒரு சிறு வால் நீண்டிருப்பதையும் பெயர் காட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கட்டமைப்பு உயிரியல் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.