குறட்டை நின்றது, உஸ்ஸ் வந்தது: சிபேப் மெஷின் சத்தத்தோடு படுத்துப் பார்த்தவர்கள்

திருச்சியிலிருந்து

22 வருடம் என் குறட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவள் என் மனைவி. ரொம்ப மீறிப்போனால் தோளில் ஒரு தட்டு, நான் திரும்பிப் படுப்பேன், அவ்வளவுதான். பொன்மலை ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினாலும் புரண்டுகூடப் படுக்காதவள். அப்பேர்ப்பட்டவள், தூக்கத்தில் மூச்சு நிற்காமலிருக்க மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும் இந்த சிபேப் மெஷின் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

எனக்கு வயது 53. ஆபீசில் ஃபைலைப் பார்த்துக்கொண்டே தூங்கி விழுவேன். ஒரு நாள் சிக்னலில் பைக்கில் உட்கார்ந்தபடியே கண் சொருகியது. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன். தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 41 தடவை மூச்சு நிற்கிறது, இல்லையென்றால் குறைகிறது என்று வந்தது. அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் மெஷின். சென்டிமீட்டர் நீர் அழுத்தக் கணக்கில் 6-லிருந்து 14 வரை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பலன் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காலைத் தலைவலி போய்விட்டது. மதியம் சாப்பாட்டுக்கு அப்புறமும் கண் திறந்திருக்கிறது.

சத்தம்தான் தாங்கவில்லை. படுத்தவுடன் ஒன்றும் தெரியாது, ஃபேன் சத்தத்தில் அமுங்கிவிடும். இரவு இரண்டு மணிவாக்கில் அழுத்தம் ஏறும்போது ‘ம்ம்ம்’ என்று ஓர் அடித்தொண்டை முனகல். அதற்கு மேலே ‘உஸ்ஸ்ஸ்’ என்று சன்னமாக ஒரு விசில். விசில் வந்து வந்து போகும். மனைவி சொன்னது இதுதான்: “குறட்டை உங்க சத்தம், பழகிடுச்சு. இது ரூம்ல வேற யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு.”

என் கைவைத்தியங்களையும் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். மெஷினைத் துணி அலமாரிக்குள் வைத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்திப் பார்த்தேன். விடியும்போது தொட்டால் சுட்டது, வாயில் அந்துருண்டை வாசனை. அப்புறம் மாஸ்க்கின் முன்னால் குட்டிக்குட்டித் துளைகள் இருக்கிறதே, உஸ் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்து மருத்துவ பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் தலை கனத்து, திணறி எழுந்தேன்.

பெட்டியில் 27 டெசிபல் என்று போட்டிருக்கிறது. செல்போன் ஆப் 41 காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து

அண்ணே, முதல்ல அந்தப் பிளாஸ்திரியைப் பிச்சுப் போடுங்க! நீங்க விடுற மூச்சுக்காத்து வெளிய போற வழியே அந்தத் துளைதான். அதை அடைச்சா விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுப்பீங்க. தலை கனத்தது அதனாலதான். மத்ததை மத்தவங்க சொல்லட்டும், எனக்கு இதைச் சொல்லாம இருக்க முடியலை.

கோவையிலிருந்து

நான் மெஷின் போடுறவ இல்லைங்க, மெஷின் போடுறவர் பக்கத்துல படுக்கிறவ. அதனால உங்க வீட்டம்மா பக்கம் நின்னு எழுதறேன்.

எங்க வீட்டுக்காரருக்கு மெஷின் வந்து மூணு வருஷம் ஆச்சு. முதல் மாசம் நானும் பொண்ணு ரூமுக்குப் போயிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி கோவத்துல எழுந்து, இந்தச் சத்தம் எங்கிருந்துதான் வருதுன்னு பார்த்துடறதுன்னு உட்கார்ந்தேன். அவர் நல்லாத் தூங்கறார். புறங்கையைத் தண்ணியில நனைச்சு மாஸ்க் ஓரமா மெதுவாக் கொண்டு போனேன். மூக்குத்தண்டு பக்கம் ஒண்ணுமில்லை. கன்னம் ஒண்ணுமில்லை. மீசைகிட்ட வந்ததும் சில்லுனு காத்து அடிச்சுது. அவருக்கு அய்யனார் மீசைங்க. மாஸ்க்கோட சிலிக்கான் தோல்ல ஒட்டாம மயிர் மேல உட்கார்ந்திருக்கு, சந்து வழியா விசில்!

மீசையை எடுக்கச் சொன்னதுக்கு ஒத்தக்கால்ல நின்னார். அப்பா செத்தப்பக்கூட மீசையை விட்டுட்டுத்தான் மொட்டை போட்டாராம். கடைசியில மாஸ்க்கைத்தான் மாத்தினோம். மூக்குத்துவாரத்துல மட்டும் உட்கார்ற மாதிரி சின்னதா, தலையணை மாதிரின்னு சொல்லுவாங்களே, அது. மீசைக்கு மேலயே நின்னுக்குச்சு. விசில் போச்சு.

அப்புறம் பார்த்தா சனிக்கிழமை ராத்திரி மட்டும் மறுபடி உஸ் உஸ். யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். எண்ணெய்க் குளியல்! சீயக்காய் போட்டாலும் நெத்தியிலயும் மூக்கோரத்துலயும் நல்லெண்ணெய் மினுமினுப்பு இருக்கத்தானே செய்யும். சிலிக்கான் வழுக்கி நகர்ந்துடுது. இப்ப எல்லா நாளும் படுக்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு முகம் கழுவிட்டுத்தான் மாஸ்க். காலையில மாஸ்க்குக்கும் குளியல், லேசான சோப்புத் தண்ணியில.

ஒண்ணு மறந்துட்டேன். காத்து ஒழுகுதுன்னு வாரை இழுத்து இறுக்குவாங்க பாருங்க, அது கூடவே கூடாது. இறுக்கினா சிலிக்கான் மடிஞ்சு இன்னும் ஜாஸ்தியா ஒழுகும், கன்னத்துல தழும்பும் விழும். மாஸ்க்கை முகத்துலருந்து கொஞ்சம் தூக்கி, காத்துல உப்பவிட்டு, மறுபடி உட்கார வைக்கணும். இது நானாக் கண்டுபிடிச்சதுன்னு பெருமையா இருந்தேன். அப்புறம் பார்த்தா கூட வந்த புஸ்தகத்துலயே எழுதியிருக்கு.

சென்னையிலிருந்து

பதினொரு வருஷமாக இந்த மெஷின்களை வீடுவீடாகப் போய் மாட்டிக் கொடுத்து, சர்வீஸ் பார்ப்பது என் தொழில். ‘சத்தம்’ என்று போன் வந்து நான் போன வீடுகளில் மோட்டார் நிஜமாகவே கெட்டுப்போயிருந்தவை மிகக் குறைவு. கோவை அம்மா சொன்ன மாதிரி பெரும்பாலும் ஒழுகல்தான்.

திருச்சி சார், உங்களை யாரும் ஏமாற்றவில்லை. 27 டெசிபல் என்பது அழுத்தம் 10-ல், அமைதியான ஆய்வுக்கூடத்தில், ஒழுகல் இல்லாமல் அளந்த கணக்கு. உங்கள் ரூமில் ஃபேன் ஓடுகிறது, தெருவில் நாய் குரைக்கிறது, செல்போன் மைக் அதெல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். ஃபேனை நிறுத்தி, மெஷினையும் நிறுத்தி ஒருமுறை பாருங்கள், அப்போதும் 35-க்குப் பக்கத்தில் காட்டினால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் ஒழுகல் இருந்தால் போன காற்றை ஈடுகட்ட மெஷின் இன்னும் வேகமாக ஊதும். அப்போது உஸ்ஸும் கூடும், முனகலும் கூடும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வருகிறது என்பதால் சொல்கிறேன்.

இரவில் தேடாதீர்கள், பகலில் தேடுங்கள். மெஷின் எதன் மேல் இருக்கிறது? இரும்பு பீரோ, டிரங்குப் பெட்டி, ஒல்லியான பிளைவுட் ஸ்டூல் என்றால் அதுவே தவில் மாதிரி அதிர்வை வாங்கி எழுப்பும். பழைய யோகா மேட்டில் ஒரு துண்டு வெட்டி அடியில் போடுங்கள். குளிக்கிற டவல், போர்வை வேண்டாம். காற்று உள்ளே போகும் வாயை மூடிவிடும். மெஷின் கட்டில் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், தரையில் வேண்டாம், தூசி. தூசி என்றதும் ஃபில்டர். மெயின் ரோட்டு வீடுகளில் மூன்றே வாரத்தில் வெள்ளை ஃபில்டர் சாம்பல் நிறமானதைப் பார்த்திருக்கிறேன். அடைத்த ஃபில்டர் வழியாக இழுக்க மெஷின் சிரமப்படும், இரைச்சல் கூடும். அடுத்தது தண்ணீர்த் தொட்டி. மூடியின் ரப்பர் ஒரு நூல் விலகியிருந்தாலும் விசில் அடிக்கும், நீங்கள் மாஸ்க்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பீர்கள். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) தான். பெட்ரோல் பங்கில் கிடைக்கிறதே என்று பேட்டரித் தண்ணீரை ஊற்றியவர்கள் உண்டு, செய்யாதீர்கள், அது நுரையீரலுக்காகத் தயாரித்தது இல்லை.

மெஷினைக் கழற்றி உள்ளே ஸ்பாஞ்சு வைத்து அடைக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் நுரைதான் 2021 ஜூனில் பெரிய வம்பானது. அந்த நுரை காலப்போக்கில் சிதைந்து, அதன் துகளும் வாயுவும் காற்றோடு மூக்குக்குள் போகக்கூடும் என்று பிலிப்ஸ் ரெஸ்பிரானிக்ஸ் தன் மெஷின்களை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. நிறுவனம் வைத்த நுரைக்கே அந்தக் கதி.

இன்றைக்கு 27 டெசிபலுக்குச் சண்டை போடுகிறோம். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதை முதன்முதலில் நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தபோது அது கிட்டத்தட்ட ஒரு வேக்குவம் கிளீனரைத் திருப்பி வைத்த கதைதான். ஆரம்ப கால மெஷின்கள் அந்த மோட்டாரிலேயே ஓடின, மாஸ்க்கைத் தினமும் இரவு முகத்தில் பசை போட்டு ஒட்டினார்கள். அதையும் மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள் சார், மூச்சு அவ்வளவு திணறியிருக்கிறது.

இன்னும் ஒன்று. ‘ராம்ப்’ என்ற வசதியைப் போட்டுவிடுங்கள். குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெள்ள மெள்ள ஏறும். பல மாடல்களில் 45 நிமிடம் வரை வைக்கலாம். அதற்குள் வீட்டம்மா தூங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அழுத்த எண்களை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள், அது டாக்டர் வேலை.

டொரண்டோவிலிருந்து

நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப இஞ்ச இருக்கிறன். எனக்குச் சத்தம் வந்தது மெஷினில இருந்தும் இல்லை, மாஸ்க்கில இருந்தும் இல்லை. தை மாசக் குளிர். விடிய மூண்டு மணிபோல காதுக்குப் பக்கத்தில களக் களக் எண்டு கேட்டுது. கிணத்தில வாளி விழுந்தமாதிரிக் கனவும் கண்டன். பிறகு மூக்குக்குள்ள தண்ணி தெறிச்சுது, துடிச்சுப் பதைச்சு எழும்பிட்டன். பாத்தா குழாயின்ர வளைவில தண்ணி தேங்கி நிக்குது.

தொட்டியில இருந்து வாற ஈரக்காத்து சூடு. அறை குளிர். குழாய்க்குள்ள பனி பிடிச்சுத் தண்ணியாகுது, அவ்வளவுதான் விசயம். ஈரப்பதத்தைக் குறைச்சன், மூக்கு காஞ்சு ரத்தம் வந்தது. பிறகு குழாயைப் போர்வைக்குக் கீழால விட்டன், மெஷினைக் கட்டிலுக்குக் கீழ்மட்டத்தில வைச்சன், தேங்கிற தண்ணி திரும்பித் தொட்டிக்கே போயிடும். கடைசியா சூடாக்கிற குழாய் வாங்கினன். இப்ப கரைச்சல் இல்லை. உங்கட ஊரிலயும் ஏசியைப் பதினெட்டில வைச்சுப் படுக்கிற ஆக்களுக்கு இது வரும், பாருங்கோ.

பட்டுக்கோட்டையிலிருந்து

எல்லோரும் சத்தத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். நான் சத்தம் நின்ற கதையைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் அடித்தது. தென்னை மொத்தமும் சாய்ந்தது, கரண்ட் கம்பமும் சாய்ந்தது. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரப் பல வாரம் ஆனது. அப்பாவுக்கு அப்போது 67 வயது, இரண்டு வருடமாக சிபேப் போட்டுக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று அம்மா தினம் புலம்பிய வீடு அது.

இன்வெர்ட்டர் முதல் இரவோடு தீர்ந்தது. இரண்டாம் இரவு பழைய குறட்டை திரும்பியது. குறட்டைகூடப் பரவாயில்லை. நடுவில் நிற்கும் பாருங்கள், அந்த இருட்டில், ஃபேனும் இல்லாத அமைதியில், பத்து விநாடி, இருபது விநாடி... அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நானும் அம்மாவும் முறை வைத்துக்கொண்டோம். மூச்சு நின்றால் தோளைத் தொட்டு ஒருக்களித்துப் படுக்க வைப்பது. மல்லாந்து படுத்தால்தான் அப்பாவுக்கு அதிகம். லுங்கியின் முதுகுப் பக்கம் ஒரு டென்னிஸ் பந்தை வைத்துக் கட்டிவிட்டோம், திரும்ப முடியாமல். ஐந்தாம் நாள் ஜெனரேட்டர் வைத்திருந்த சொந்தக்காரர் வீட்டுக்கு அப்பாவை அனுப்பினோம். வாசலில் ஜெனரேட்டர் லாரி மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அம்மா அங்கேதான் அந்த வாரத்தில் முதல்முறையாகத் தூங்கினார்.

மறுபடி திருச்சியிலிருந்து, ஒன்பது நாள் கழித்து

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டுத் தம்பிக்கு முதல் நன்றி, பிளாஸ்திரியை அன்றைக்கே பிய்த்துவிட்டேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சென்னை சார் சொன்னபடி பகலில் தேடினேன். மெஷின் இருந்தது என் அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டி மேல். கீழே இறக்கி மர ஸ்டூலில், மேட் துண்டின் மேல் வைத்ததும் அந்த அடித்தொண்டை முனகல் காணாமல் போய்விட்டது. ஒரு மாதம் அதை மோட்டார் சத்தம் என்றே நம்பியிருந்தேன், பேசியது டிரங்குப் பெட்டி. ஃபில்டர் கொஞ்சம் பழுப்பு, மாற்றியாயிற்று. தொட்டி மூடி சரியாகத்தான் இருந்தது.

விசிலுக்கு மனைவியைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, நானே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நானே கண்டுபிடிக்க முடியவில்லை. கோவை அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன். கையை நனைத்துக்கொண்டு வந்தாள். இடது கன்னத்தில், கடைவாய்ப் பல் எடுத்த பக்கம், கன்னம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறதே அங்கே. மாஸ்க் ஒரு சைஸ் பெரியதாம். கடையில் மூன்றை மாட்டிப் பார்த்துச் சிறியதாக ஒன்றை வாங்கினேன். உட்கார்ந்தபடி பார்க்காமல் கடைக்காரரின் பெஞ்சில் படுத்தே பார்த்தேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் சரி, படுத்தால் முகச்சதை வேறு மாதிரி விழுகிறது.

இடப்பக்கம் ஒருக்களித்தால் இப்போதும் சில இரவு லேசாக விசில் உண்டு. மனைவி ஹாலிலிருந்து திரும்பி நாலு நாளாகிறது. நேற்று இரவு எத்தனை மணியோ, தோளில் ஒரு தட்டு.

“உஸ்ஸுங்குது. திரும்பிப் படுங்க.”

திரும்பிப் படுத்தேன்.